மாமா குடிக்கவில்லை என்று எழுதுவது எப்படி

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அக்காவின் கணவர், அதாவது மாமா, கேட்டு வாங்கியது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காரில், கற்றுக்கொள்பவர் உட்காரும் இருக்கையில் நான் இருந்தேன். பக்கத்தில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் உள்ள இருக்கையில் அவர். கார் ஓடவில்லை. பள்ளியின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த நாட்களில் அதை வெளியே எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. ஏன் என்பது பிறகு வரும்.

"மாப்ள, நான் குடிக்கலைன்னு ஒரு கதை எழுதேன்."

"எழுதினா?"

"நான் வாயால சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. அச்சுல வந்தா நம்புவாங்க இல்ல?"

"கதைன்னு போட்டா யாரு மாமா நம்புவா?"

தன் காலடிப் பிரேக்கைச் சும்மா ஒரு முறை மிதித்தார். "அப்ப நான் குடிக்கிறேன்னு எழுது. கதைதானேன்னு, நெஜத்துல குடிக்கலைன்னு புரிஞ்சுக்குவாங்க."

ஒரு வாரம் நான் இந்த இரண்டாவது யோசனையைத்தான் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது சரிப்படவில்லை.

2.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கல்லீரல் மனித உடலின் மிகப் பெரிய உள்ளுறுப்பு. அது செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டால்—" (பாடப்புத்தகம். விட்டேன்.)

"அன்று காலை முகச்சவரம் செய்யும்போது அவர் தன் கண்களைப் பார்த்துத் திடுக்கிட்டு—" (நடக்கவே இல்லை. அவர் பார்க்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. பார்த்தது வேறொருவர்.)

"அவர் குடிப்பதை நிறுத்திவிட்டார்."

இந்த மூன்றாவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்த அடுத்த நொடியே, எப்போது மறுபடி தொடங்கப்போகிறார் என்று நீங்கள் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். அக்காவும் அப்படித்தான் காத்திருந்தாள்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

3.

மாமாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கத்த மாட்டார். கற்றுக்கொள்பவர் எதிரே வரும் லாரியை நோக்கி வண்டியை விட்டாலும், "சரி, இப்ப நாம அந்த லாரிக்குக் கொஞ்சம் வழி விடலாமா?" என்று கேட்டபடி தன் காலடிப் பிரேக்கை மிதிப்பார். அவரிடம் கற்றவர்கள் பதற்றமில்லாமல் ஓட்டுவார்கள் என்று பெயர்.

மாலையில் குடிப்பார். வேலை நேரத்தில் தொட மாட்டார், அதில் கறார். வண்டியை நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிய பிறகுதான். ஆனால் மாட்டிய கையோடு.

பொய் சொல்வதில் என்னைவிடத் தேர்ந்த கதாசிரியர். டயர் பஞ்சர் என்று சும்மா சொல்லிவிட மாட்டார். எந்த டயர், எந்தத் தெருமுனை, பிடுங்கிய ஆணி எத்தனை நீளம் என்று வரும். ஒரே நண்பரின் அப்பாவை இரண்டு முறை சாகடித்தவர். இரண்டாவது தடவை அக்கா பிடித்துவிட்டாள். "அது அவன் பெரியப்பா, அவரையும் அப்பான்னுதான் கூப்பிடுவான்" என்றார், கண்கூட இமைக்காமல்.

[அந்த நண்பரின் அப்பா இன்னும் இருக்கிறார். சமீபத்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.]

அப்போது அவரிடம் ஒரு பல் டாக்டரம்மா வண்டி பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்யப்போக, அதில் மாமாவின் முகம் விழுந்தது.

"சார், கண்ணு மஞ்சளா இருக்கே. எத்தன நாளா?"

"தூக்கம் பத்தல மேடம்."

"தூக்கம் பத்தலன்னா செவக்கும் சார். வண்டியத் திருப்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"மேடம், நீங்கதான் ஓட்டுறீங்க."

அந்த அம்மா வாழ்க்கையில் முதல் யூ-டர்ன் எடுத்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு செய்தி சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் எப்போதோ உள்ளே வந்து ஈரலில் குடியிருக்கிறது. அது போதாதென்று குடியும் சேர்ந்து அடித்திருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது. குடி ஒரு சொட்டுக்கூடக் கூடாது. அக்காவுக்கும் மகளுக்கும் ரத்தம் பார்த்து, தொற்று இல்லை என்று தெரிந்ததும் தடுப்பூசி போட்டார்கள்.

மாமா அன்றோடு நிறுத்தினார். (அக்கா இந்தப் பக்கத்தைப் படித்தால் "நிறுத்தினார்" என்பதை அடித்து, "நிறுத்தியதாகச் சொன்னார்" என்று திருத்துவாள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

கண்ணின் மஞ்சள் போனது. பல நூறில் இருந்த எஸ்.ஜி.பி.டி. என்கிற ஈரல் என்சைம் படியில் இறங்குவதுபோல ஒவ்வொரு சோதனையிலும் இறங்கியது. எண்பது, தொண்ணூறுக்கு வந்தது. நாற்பதுக்குக் கீழே போக வேண்டும். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

[என்சைமுக்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது: நொதி. ஆனால் நொதி என்று எழுதியதும் நொதித்தல், புளித்தல், பானை என்று ஒவ்வொன்றாக வந்து கடைசியில் சாராய வாடை அடிக்கிறது. மாமாவுக்கு நியாயம் செய்ய வேண்டி என்சைம் என்றே எழுதுகிறேன்.]

4.

டாக்டரிடம் போனபோது அக்கா என்னையும் அழைத்துப் போனாள். "நான் கேட்டா அவருக்குக் கோவம் வரும். நீ கேளு." கடைசியில் அவளேதான் கேட்டாள்.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசும் பெண்மணி. "வைரஸ் இப்ப ரத்தத்துல தெரியவே இல்ல. மாத்திரைய விடாம சாப்பிடுறீங்க, அது நல்லா வேலை செய்யுது. ஆனா எஸ்.ஜி.பி.டி. எறங்கல."

"மருந்து வேலை செய்யுது, நம்பர் மட்டும் எறங்கலைன்னா என்ன டாக்டர் அர்த்தம்?"

"என்சைம்ங்கிறது ஈரல் செல்லுக்கு உள்ள இருக்க வேண்டிய சரக்கு—"

சரக்கு என்றதும் அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா மேசையைப் பார்த்தார். டாக்டர் சொல்லை மாற்றிக்கொண்டார்.

"—பொருள். செல்லு அடிபட்டா அது ரத்தத்துல கசியும். அதத்தான் நாங்க அளக்குறோம். உள்ள அடி விழுதுன்னு அது சொல்லும். அடிக்கிறது யாருன்னு சொல்லாது. வைரஸ் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. மிச்சம் பேர ஒவ்வொருத்தரா பாக்கணும்." விரல்களை மடக்க ஆரம்பித்தார். "ஈரல்ல கொழுப்பு சேந்திருக்கலாம். வேற மாத்திரை, வலி மாத்திரை, கஷாயம், லேகியம் ஏதாவது சாப்பிடலாம். உடம்பு தன் ஈரலையே எதிரின்னு நெனச்சு அடிக்கிற வியாதி ஒண்ணு இருக்கு. தைராய்டு இருக்கு. சில சமயம் ஈரலே காரணமில்ல, கனமா எதையாவது தூக்கினா தசையில இருந்துகூட வரும். சிலருக்குப் பழைய காயம் ஆறவே ரொம்ப நாள் ஆகும்." கடைசி விரலில் நின்றார். "அப்புறம், குடி."

"இல்ல டாக்டர்" என்றார் மாமா.

டாக்டரின் பார்வை அவரிடம் நிற்காமல் அக்காவிடம் போனது. குடித்தவனைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரியைப் பார்ப்பது இந்தத் தொழிலின் பழக்கமாக இருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியல டாக்டர்" என்றாள் அக்கா.

[இந்த இடத்தில் "அக்கா ஒரு கணம் தயங்கினாள்" என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் தயங்கவில்லை. வழி கேட்டவருக்குத் தெரியாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மாமாவின் காது மட்டும் சிவந்தது.]

"குடிச்சாங்களா இல்லையான்னு பாக்க டெஸ்ட் இருக்கா?" என்று கேட்டது நான்தான்.

"இருக்கு. வெளிய அனுப்பிப் பாக்கணும். அவர் சம்மதிக்கணும்."

"வேணாம்" என்றார் மாமா. "நான் என்ன கைதியா?"

ரோஷத்தில் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். "கொழுப்பு இருக்கு" என்றார் டாக்டர்.

"அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும் டாக்டர்" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டோம், மாமா உட்பட. அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். ஏனென்றால் டாக்டர் உடனே அடுத்ததைச் சொன்னார்: "ஆனா கொழுப்பு குடிச்சாலும் வரும், குடிக்காம சும்மா சாப்பிட்டாலும் வரும். எடையக் குறைங்க. இனிப்ப விடுங்க. தினமும் நடங்க. வேற மருந்து எதுவும் வேணாம். மறுபடி பாப்போம். அப்பவும் எறங்கலைன்னா ஊசி விட்டு ஈரல்ல இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும்."

ஸ்கேன் மாமாவை விடுதலையும் செய்யவில்லை, உள்ளே தள்ளவும் இல்லை.

5.

வீட்டில் இப்படி இருந்தது. மாமா செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கதவருகே வந்து நிற்பாள். "பால் வாங்கினீங்களா?" என்பாள். அவளுக்குப் பாலும் வேண்டாம், பதிலும் வேண்டாம். பதிலோடு வரும் மூச்சுக்காற்று வேண்டும். ஒரு நாள் மாமா, "ஊதட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வாயைக் குவித்து அவள் முகத்திலேயே ஊதினார். அக்கா பின்வாங்கவில்லை.

"வெங்காயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கல்லூரியில் படிக்கும் மகள், அப்பாவின் தண்ணீர் பாட்டிலை யாரும் பார்க்காதபோது திறந்து முகர்ந்தாள். அவர் பார்த்துவிட்டார். மறுநாள் கிளம்பும்போது அவரே பாட்டிலைத் திறந்து நீட்டினார். "ஒரு வாய் குடிச்சுட்டுக் குடும்மா." அவள் அழுதாள். ஆனாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

பயிற்சிப் பள்ளியின் முதலாளி தங்கமான மனுஷர். தங்கமானவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. "உடம்பு சரியில்லாம இருக்கீங்க, கொஞ்ச நாள் போர்டு பக்கம் நில்லுங்க" என்றார். அதன் பிறகு மாமா சுவரில் மாட்டிய படங்களைக் குச்சியால் தொட்டுக் காட்டி, இங்கே நிறுத்தாதே, இங்கே திரும்பாதே என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை எழுதச் சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

வேலைப்பளுவில் இடையில் நின்றுபோயிருந்த பல் டாக்டரம்மா திரும்பி வந்தார். காரில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலாளியிடம் காரணம் கேட்டார்.

"அவருக்கு இன்னும் ரிப்போர்ட் சரியா வரல மேடம். குடிக்கிறாரோன்னு ஒரு இது."

"குடிக்கிறாரா?"

"தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது. பல்லுப் பிடுங்க வர்றவங்க என் ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டா வாயத் தெறக்குறாங்க? அவர் கால் அந்த பிரேக் மேல இருந்தாத்தான் நான் மெயின் ரோட்டுக்கு வருவேன். இல்லன்னா முற்றத்துலயே சுத்திட்டுப் போறேன்."

முதலாளி அந்த அம்மாவின் வகுப்புக்கு மட்டும் சாவியை மாமாவிடம் கொடுத்தார்.

6.

இப்போது என் தொல்லையைச் சொல்கிறேன்.

மாமா ரகசியமாகக் குடிப்பதாக ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். பக்கங்கள் தானாக ஓடின. ஒளித்துவைக்கும் இடம், மூடி திறக்கும் சத்தம், வாயில் போட்டுக்கொள்ளும் ஏலக்காய், அக்கா கண்டுபிடிக்கும் நிமிஷம். எல்லாம் தயாராக வந்து வரிசையில் நின்றன. படித்துப் பார்த்தால் நன்றாகவும் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

குடிக்காத மாமாவை எழுத உட்கார்ந்தால், "மாலை ஆறு மணிக்கு அவர் குடிக்கவில்லை" என்பதற்கு மேல் நகரவில்லை. ஏழு மணிக்கும் குடிக்கவில்லை. எட்டுக்கும். குடிப்பது ஒரு சம்பவம். குடிக்காமல் இருப்பதில் பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை மாமா ஒவ்வொரு மாலையும் செய்துகொண்டிருந்தார் (என்று வைத்துக்கொண்டால்). அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாது.

அக்காவின் கஷ்டமும் இதேதான் என்பது எழுதும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

அவர் எதையோ ஒளிக்கிறார் என்பது மட்டும் உண்மை. அதை நான் தற்செயலாகப் பார்த்தேன். ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போயிருந்தபோது உள்ளே மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். கடைக்காரர் அவரிடம், "சார், இன்னும் ரெண்டு க்ரீம் பன் வைக்கட்டுமா?" என்றார். திரும்பியது மாமா. மேலுதட்டில் வெள்ளையாக க்ரீம்.

"அக்காட்ட சொல்லாத மாப்ள."

"இதுக்கா மாமா ஒளிஞ்சு நிக்கிறீங்க?"

"சாயங்காலம் ஆனா உடம்பு எதையோ கேக்குது. இதக் குடுத்தா கொஞ்சம் அடங்குது." வாயைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு, மூணு. சில நாள் அஞ்சு."

நான் அக்காவிடம் சொன்னேன். மாமாவுக்குச் சாதகமான சாட்சி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பன்னையே ஒளிச்சு சாப்பிடுறவரு வேற எத ஒளிக்க மாட்டாரு?" என்றாள்.

7.

இதற்கு முடிவாக என்னென்ன போடலாம் என்று பார்த்தேன்.

அ) அக்காதான் காரணம். அவள் பாசத்தோடு காய்ச்சிக் கொடுத்த கஷாயமே ஈரலைக் கெடுத்தது என்று தெரியவருகிறது, சந்தேகப்பட்டவளே குற்றவாளி. கதாசிரியனுக்கு நாக்கில் எச்சில் ஊறும் முடிவு. அக்கா கொஞ்ச நாள் ஒரு கஷாயம் கொடுத்ததும் உண்மை. ஆனால் டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டாள். எண் அசையவில்லை. ஆகவே இல்லை.

ஆ) மாமா குடித்தார். ஆறாம் பகுதியில் சொன்ன பிரதி. மேசை இழுப்பறையில் இருக்கிறது. என்னிடம் ஆதாரம் இல்லை.

இ) க்ரீம் பன். குடியை விட்ட மனிதன் அந்த இடத்தில் இனிப்பைக் கொண்டுவந்து வைத்தான். எடை ஏறியது. ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. வைரஸ் அடங்கியும் என்சைம் இறங்காததற்கு அதுவே காரணம். டாக்டர் சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதும் அதுதான் நடந்தது என்பதும்—

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

8.

மாமா பன்னை விட்டார். காலையில் நடக்க ஆரம்பித்தார். அக்காவும் கூடவே நடந்தாள். துணைக்கா காவலுக்கா என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சட்டை தொளதொளத்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். பிறகு ரத்தம் கொடுக்கும் நாள் வந்தது. முடிவு வாங்கப் போனபோது அக்கா என்னையும் அழைத்துப் போனாள்.

ஆய்வகத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உறையைக் கொடுத்தார்கள். மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்" என்றார் அக்காவிடம்.

"கேளுங்க."

"நான் குடிக்கிறேனா?"

"பிரிங்க. பாத்துட்டு சொல்றேன்."

"பாத்துட்டு யாரு வேணா சொல்லலாம். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்கூட சொல்லுவாரு. பாக்காம சொல்லு."

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். நான் எழுந்து போகலாமா என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஏங்க, நான் உங்கள நம்பின வருஷமெல்லாம் நீங்க குடிச்சீங்க. பஞ்சர நம்பினேன். செத்துப்போன அப்பாவ நம்பினேன். நான் நம்ப நம்பத்தான் உங்க கண்ணு மஞ்சளாச்சு. இன்னொரு தடவ நம்பி, நீங்க போயிட்டீங்கன்னா? அதனால அந்த வேலைய இந்தப் பேப்பர்கிட்ட குடுத்துட்டேன். என்னால முடியல." கைப்பையை மடியில் நேராக வைத்தாள். "உங்கமேல பாசம் இல்லாம இல்ல. பாசம் இருக்கு. நம்ப முடியல. ரெண்டும் வேற வேறயா இருக்கு, நான் என்ன பண்ண?"

பக்கத்து நாற்காலிக்காரர் தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நியாயம்தான்" என்றார் மாமா. உறையின் ஓரத்தைத் தடவியபடி, "நியாயம்தான்" என்று மறுபடியும் சொன்னார். உறையை அவள் கையில் கொடுத்தார். அவள் பிரித்தாள்.

9.

~~உறையில் இருந்த தாளில் எஸ்.ஜி.பி.டி.~~

இந்தப் பகுதி முழுதாக எழுதப்பட்டிருந்தது. எண் இருந்தது, அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் இருந்தது, டாக்டர் சொன்னது இருந்தது. வாக்குக் கொடுத்தபடி, அச்சுக்கு அனுப்பும் முன் மாமாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அக்காவுக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் வரும் இடத்தில் சிரித்தார். இந்தப் பகுதிக்கு வந்ததும் என் பேனாவைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அடித்தார்.

"என்ன மாமா, தப்பா எழுதிட்டேனா?"

"சரியாத்தான் எழுதியிருக்க. இது வேணாம்."

"இதுக்குத்தானே கதையே எழுதச் சொன்னீங்க?"

"நம்பர் கொறஞ்சிருந்தா, அதப் பாத்துட்டு நம்புவாங்க. கொறையலைன்னா, அதப் பாத்துட்டு நம்ப மாட்டாங்க. ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்?"

அக்கா கத்தியை நிறுத்தினாள். "நல்லதோ கெட்டதோ, நடந்தத நடந்தபடி போட வேண்டியதுதானே? எதுக்கு மறைக்கணும்? மறைச்சா சந்தேகந்தான் வரும்."

"வரட்டும்." அவர் அவள் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ பேப்பரப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணின. பண்ணலாம். உங்கிட்ட நான் அவ்வளவு பொய் சொல்லியிருக்கேன். ஆனா இதப் படிக்கப்போறவங்ககிட்ட நான் ஒரு பொய்யும் சொன்னதில்லையே. அவங்க பேப்பர் இல்லாம முடிவு பண்ணட்டுமே. ஒரு தடவ பாக்கலாம்."

அக்கா நறுக்கிய பீன்ஸை ஒதுக்கிவைத்தாள். பிறகு, "அன்னைக்கு லேப்ல நான் சொன்னது? அதையும் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும். அது உண்மை."

அவள் மறுபடி பீன்ஸை எடுத்தாள். "அப்ப அந்த வெங்காயத்த எடுக்கச் சொல்லுங்க. நான் அப்படி மூஞ்சிய நீட்டிக்கிட்டு நின்னதா போட்டா நல்லாவா இருக்கு?" என்றாள். நான் எடுக்கவில்லை.

10.

மாமா மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் நடக்கிறார்கள். பல் டாக்டரம்மா உரிமம் வாங்கிவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். எண் எதுவாக இருந்தாலும் மாத்திரை, நடை, அடுத்த தேதி, இந்த மூன்றையும் எப்படியும் சொல்வாராம். ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தார்களா இல்லையா என்பதும் மாமா அடித்த வரிகளோடு போய்விட்டது.

உறையில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு நான் அவரைப் பற்றி நினைப்பது எதுவும் கணக்கில் வராது. அதனால் இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. அக்காவும் இல்லை. நீங்கள்தான் பாக்கி. அவர் பேசியதைக் கேட்டீர்கள். பொய்யில் அவருக்கு இருந்த திறமையையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். டாக்டர் மடக்கிய விரல்கள் அத்தனையும் உங்கள் முன்னால் இருக்கின்றன.

கடைசி வரி எழுதப்படாமல் இருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் வேண்டும். நான் எழுதப்போவதில்லை.

மாமா ____________.